ஸ்டியரிங்கில் விரித்த பாடம்

ஷாஹீன் ரஷ்யாவில் டாக்டருக்குப் படித்துப் பட்டம் வாங்கிக்கொண்டு புனே திரும்பிய அன்று, அவள் உம்மா ரஹ்மத் பீவி போபோடியில் அவர்கள் குடியிருந்த சந்து முழுக்கப் பேடா கொடுத்தாள். "எம் மவ டாக்டராக்கும்" என்று பால்காரரிடம்கூடச் சொன்னாள். வெளிநாட்டில் படித்தவர்கள் டெல்லியில் இன்னொரு பரீட்சை எழுதித் தேறினால்தான் இங்கே வைத்தியம் பார்க்க லைசென்ஸ் கிடைக்கும் என்பது உம்மாவின் மண்டையில் ஏறவேயில்லை.

முதல் தடவை ஷாஹீன் தேறவில்லை. அடுத்த தடவையும் இல்லை. இதற்குள் உம்மாவுக்கு இரண்டு கிட்னியும் போய், வாரத்தில் இரண்டு நாள் கேம்ப் ஏரியாவிலுள்ள ஆஸ்பத்திரிக்கு டயாலிஸிஸுக்குப் போகவேண்டி வந்தது. வாப்பா முகம்மது மீரானுக்குக் கண்ணில் புரை. கார் ஓட்ட முடியாது. கட்கி பஜாரில் பிளாஸ்டிக் சாமான் கடையையும் அவர்தான் பார்க்கவேண்டும். எனவே அவருடைய பழைய காரை ஷாஹீன் ஓட்டினாள். உம்மா உள்ளே படுத்திருக்கும் நேரமெல்லாம் காரிலேயே உட்கார்ந்து, ஸ்டியரிங்மேல் புத்தகத்தைச் சாய்த்துப் படிப்பாள்.

அந்தக் காருக்கு வெயில் ஆகாது. கொஞ்சம் சூடானால் பெட்ரோல் ஏறாமல் நடுரோட்டில் நின்றுவிடும். இறங்கி பானட்டைத் திறந்து, பெட்ரோல் பம்ப்மேல் ஈரத்துணியைப் போட்டுக் காத்திருக்கவேண்டும். பின்னால் பஸ்காரன் ஹார்ன் அடித்துத் திட்டுவான். பம்ப்பையே மாற்றவேண்டும், ஆனால் இந்த மாடலுக்குப் புதுசு வருவதில்லை என்று கட்கி மெக்கானிக் கையை விரித்தார்.

2006 மார்ச். பரீட்சைக்குச் சில நாள்தான் இருந்தது. பழைய பம்ப் ஒன்று கிடைத்ததென்று, அதை மாட்டுவதற்காகக் காரை மெக்கானிக்கிடம் விட்டிருந்தார்கள். அன்று டயாலிஸிஸ் நாள்.

"ஆட்டோல போவலாம் உம்மா."

"அந்தக் குலுக்கல்ல என்னால உக்கார முடியாது. ஒரு நா போவலன்னா ஒண்ணும் ஆவாது. நீ உக்காந்து படி."

ஆகும் என்று ஷாஹீனுக்குத் தெரியும். ஆனாலும் மேசையில் பாதி படித்த பாடங்கள் கிடந்தன. அவள் வற்புறுத்தவில்லை.

அடுத்த முறைக்குள் உம்மாவின் முகமும் காலும் வீங்கிவிட்டன. வெயில் ஏறிய வேளையில்தான் கிளம்ப முடிந்தது. மாற்றிப் போட்ட பம்ப்பும் வெயிலைத் தாங்கவில்லை; கட்கி தாண்டுவதற்குள் கார் இரண்டு தடவை குலுங்கி நின்றது.

"வண்டி நின்னுட்டா?" என்று கேட்ட உம்மாவால் அடுத்த வார்த்தை பேச முடியவில்லை. இழுத்து இழுத்து மூச்சு விட்டாள். நுரையீரலில் நீர் கோத்துவிட்டது என்பது ஷாஹீனுக்குப் பார்த்ததுமே புரிந்தது. என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்பதும் தெரியும். கையில் ஈரத்துணிதான் இருந்தது. உம்மாவை நிமிர்த்தித் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, போகிற ஆட்டோக்களைப் பார்த்துக் கையை ஆட்டினாள். பல ஆட்டோக்கள் நிற்காமல் போனபிறகு ஒருவர் நிறுத்தினார். காரைப் பூட்டக்கூடச் செய்யாமல் ஏறினார்கள்.

ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் அவளைவிட இளையவர். டயாலிஸிஸ் ஒன்று தவறிவிட்டது, நுரையீரலில் நீர் என்று அவள் இங்கிலீஷில் கடகடவென்று சொன்னதும் அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க டாக்டரா?"

"இல்லை" என்றாள்.

உம்மா ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து அவளையே பார்த்தாள். மறுநாள் முகமூடியை எடுத்ததும் முதல் பேச்சாக அதைத்தான் கேட்டாள்.

"ஏன் இல்லேன்னு சொன்ன?"

"லைசென்ஸ் இல்லல்லா உம்மா."

"டெல்லிக்கு எப்ப போற?"

"இந்தத் தடவை போவல."

உம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுகிறாள் என்பது முதுகில் தெரிந்தது. ஷாஹீன் அந்த முதுகைத் தடவினாள்.

வீடு திரும்பிய பிறகு உம்மா யாரிடமும் மகளைப் பற்றிப் பேசவில்லை. மழைக்காலத்தில் ஒரு காலை, நாஷ்டாவுக்கு முன்னாலேயே, மௌத்தானாள். அடக்கம் செய்துவிட்டு வந்து, வாப்பா அந்தக் காரைப் பழைய சாமான்காரரிடம் தள்ளிவிட்டார். விலை பேசவில்லை.

செப்டம்பரில் ஷாஹீன் டெல்லிக்குப் போனாள். கேள்வித்தாளில் கிட்னி பற்றிய பகுதி வந்ததும் எழுத்துகள் கலங்கின. அதற்குமேல் ஏதோ குறித்துவிட்டு வந்தாள். அந்தத் தடவையும் தேறவில்லை.

பிறகு சிஞ்ச்வட்டில், அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிவுசெய்ததைக் கேட்டு டைப் செய்யும் வேலையில் சேர்ந்தாள். ஹெட்ஃபோனில் யாரோ ஒருவர் தன் நோயாளியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போவார். சில சமயம் அவர் சொல்லும் மருந்து தப்பென்று படும். கேட்டபடியே டைப் செய்வாள், அதுதான் வேலை.

"மார்ச்சுல எழுதுறியாம்மா?" என்று வாப்பா ஒருநாள் சோற்றுத் தட்டைப் பார்த்தபடி கேட்டார்.

"பாப்போம் வாப்பா."

அவர் மீன்குழம்பை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.