மார்லிஸ் கங்காஸின் ஏணி

வெந்நீரை முழங்கையில் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்த பிறகுதான் கையுறைக்குள் ஊற்றுவார் மார்லிஸ் கங்காஸ். பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டப் போகிற பாட்டி போல அத்தனை கவனம். எதிரே கையை நீட்டிக்கொண்டு நிற்பவரோ மினியாபொலிஸிலிருந்து விடிய விடிய வண்டி ஓட்டி வந்த தாடிக்காரப் பல் டாக்டர். "விரலை விரிச்சுப் பிடிங்க. கீழ போயி கை மரத்துப் போச்சுன்னு ஏரியைத் திட்டக் கூடாது" என்பார். டாக்டர் பள்ளிப் பிள்ளை மாதிரி விரல்களை விரிப்பார்.

சுப்பீரியர் ஏரியின் தென்கரையில் மார்லிஸின் படகைத் தெரியாதவர்கள் கிடையாது. முன்பு மீன் பிடித்த படகு. இன்றும் வெயில் ஏறினால் அந்த வாடை எழும். கோடை முழுக்க, மூழ்கிய கப்பல்களைப் பார்க்க வரும் முக்குளிப்பவர்களை ஏற்றிச் செல்கிறார். பல வருடமாக மேல்தள வேலை எனக்கு. கயிறு போடுவது, காபி போடுவது, அவரிடம் திட்டு வாங்குவது எல்லாம் அதில் சேர்த்தி.

அவருடைய படகில் யாரும் தண்ணீருக்கு மேலே நின்றபடி காற்றுக்குழாயை வாயில் வைத்து மூச்சிழுத்துப் பார்க்கக் கூடாது. வசந்தத்தின் குளிரில் மூச்சின் ஈரம் உள்ளே உறைந்து, குழாய் அடைத்துக்கொள்ளும். "எறங்கி, தலை நனைஞ்சப்புறம் மூச்சு விடு. இங்க விடறதுக்கு உனக்கு மூக்கு இருக்குல்ல?" அலை தூக்கினால் பயணம் ரத்து. பணம் கட்டியவர்கள் முகம் சுளித்தால், "ஏரி எங்கயும் ஓடிப் போயிடாது. போய்ப் படுத்துத் தூங்குங்க" என்று இன்ஜினை அணைத்துவிடுவார்.

அவருடைய செல்லம் 'எல்டோரா'. கோதுமையோடு மூழ்கிய மரக்கப்பல். அந்தக் குளிர் நீரில் மரம் இற்றுப்போவதில்லை; சமையலறைத் தட்டுகள் அடுக்கியது அடுக்கியபடி இருக்கின்றன. ஒருமுறை ஒருவர் தட்டு ஒன்றைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வந்துவிட்டார். மார்லிஸ் கத்தவில்லை. "உன் வீட்டுக்கு வந்து உன் தட்டை நான் எடுத்தேனா?" என்று கேட்டு, ஒரு மணி நேரம் ஓய்வெடுக்க வைத்து, மறுபடி கீழே அனுப்பி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வரச் செய்தார்.

எல்லாவற்றையும் விடப் பெரிய சட்டம் ஏணியைப் பற்றியது. "கட்டிக்கிட்டு எறங்குனதைக் கட்டிக்கிட்டே ஏறணும்." காற்று உருளை, ஈயக்கட்டி எல்லாம் முதுகிலும் இடுப்பிலும் இருக்க, படகின் பின்புற ஏணியில் தானாக ஏறி வர வேண்டும். முடியாதவர்களுக்கு இந்தப் படகில் இடமில்லை. ஒருவரைத் தூக்கப் போய் இரண்டு பேர் விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர் அவர்; அதனால் நாங்கள் எதிர்த்துப் பேசியதில்லை.

போன ஆகஸ்டில் அந்தச் சட்டம் வெர்ன் ஆஸ்ட்ராண்டர் மேல் பாய்ந்தது. வெர்ன் ஓய்வுபெற்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர். இந்தப் படகு ஓடத் தொடங்கிய நாளிலிருந்து மார்லிஸோடு முங்குகிறவர். நல்ல கனமான ஆள். பாதி ஏணியில் முழங்கால் மக்கர் செய்ய, மூன்று பேர் சேர்ந்து இழுத்துப் போட்டோம். "வெர்ன், ஏற முடியலேன்னா எறங்கக் கூடாது. அவ்ளோதான்" என்றார் மார்லிஸ். வெர்ன் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனவர்தான். இறைச்சி அடைத்த பேஸ்டி சுட்டு விற்கும் கடையில் மார்லிஸ் நுழைந்தால், தின்ற பாதியைத் தாளில் சுருட்டிக்கொண்டு எழுந்துவிடுவார். "கோவம்னா சூடா தின்னுட்டுக் கோவிச்சுக்கலாம்ல?" என்று சொல்லிக்கொண்டே மார்லிஸ் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அன்று அவர் பேஸ்டியும் ஆறிப்போகும்.

நவம்பரில் மார்லிஸுக்கே இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்ய வேண்டி வந்தது. அறுவை செய்த டாக்டர் முங்கலாம் என்றார். ஏணியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. குளிர்காலம் முழுக்க உருளைக்கிழங்கு மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு நிலவறைப் படிகளில் ஏறி இறங்கினார். "ஏற முடியலேன்னா?" என்று அவரோடு முங்கும் கார்லீன் ஒருநாள் கேட்டே விட்டாள். "அப்புறம் நான் மேல உக்காந்து காபி போடறேன். எனக்கென்ன தனிச் சட்டமா?" என்றார். குரலில் ஒன்றுமில்லை. கைதான் மேசையைத் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தது.

எல்டோராவுக்கு மேலே படகுகளைக் கட்டுவதற்காக விட்டிருக்கும் மிதவையைப் பனிக்கட்டி வருடாவருடம் அறுத்துக்கொண்டு போய்விடும். மிதவை இல்லாவிட்டால் வருகிற படகெல்லாம் நங்கூரத்தைப் போட்டுக் கப்பலைப் பிய்த்துவிடும். அதனால் மே மாதத்தில் முதலில் இறங்கிப் புது மிதவையைக் கட்டுவது மார்லிஸின் வேலை. இந்த மேயிலும் கார்லீனோடு இறங்கினார். காற்றில்லாத காலை. கரையோரத்தில் இன்னும் பனி கிடந்தது. நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் மஞ்சள் மிதவை குபுக்கென்று மேலே வந்து ஆடியது. அப்பாடா என்றிருந்தது எனக்கு.

இனி ஏணி. முதல் படி ஏறினார். இரண்டாவது ஏறினார். மூன்றாவதற்குக் கால் எழும்பவில்லை. நான் குனிந்து கையை நீட்டினேன்.

"கையை எடு."

எடுத்தேன். மறுபடி முயன்றார். உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. பின்னால் கார்லீன் தண்ணீரில் மிதந்தபடி காத்திருந்தாள். இந்த மனுஷி இனி முங்கவே மாட்டார், சொன்ன சொல்லில் நின்றுவிடுவார் என்று நினைத்தேன். இரண்டு கைகளாலும் ஏணியைப் பிடித்தபடி, வெகு நேரம் படியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வெர்னுக்கும் இப்பிடித்தான் இருந்திருக்கும்" என்றார். பிறகு, "ஒரு கயித்தை விடு."

விட்டேன். அதன் கொக்கியை உருளையில் தானே மாட்டி, வார்ப்பட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். நான் உருளையை மேலே இழுத்துக்கொண்டேன். வெறும் முதுகோடு மூன்றாவது படியில் காலை வைத்தார். நான்காவதில் வைத்தார். மேல்தளத்துக்கு வந்துவிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை.

காபியை நீட்டினேன், வாங்கவில்லை. தண்ணீர் சொட்டச் சொட்ட, அந்தக் கயிற்றின் மறுமுனையை ஏணிக்குப் பக்கத்துக் கம்பியில் கட்டத் தொடங்கினார். மரத்த விரலில் முடிச்சு நிற்கவில்லை. உதவப் போன என் கையைத் தட்டிவிட்டார்.

"வெர்னுக்குப் போன் போடு. போட்டு எங்காதுல வை."

வைத்தேன். வெர்ன் எடுத்தார். அவர் இரைந்து பேசுகிறவர், எனக்கும் கேட்டது.

"என்ன?"

"உங்க முங்கற உடுப்பை எலி கடிச்சிருக்கான்னு பாருங்க. சனிக்கிழமை எல்டோராவுக்குப் போறோம்."

"ஏணி?"

"அதே ஏணிதான். உருளையைக் கயித்துல மாட்டிட்டுச் சும்மா ஏறி வாங்க. இனிமே எல்லாருக்கும் அப்பிடித்தான். நானும் அப்பிடித்தான் ஏறுனேன், இப்ப."

மார்லிஸ் முடிச்சை இறுக்கினார். பிறகு கயிற்றை இரண்டு கைகளாலும் பிடித்து, வெர்னின் உருளையின் கனத்தைத் தாங்குமா என்று, தன் எடை முழுவதையும் பின்னுக்குச் சாய்த்துத் தொங்கிப் பார்த்தார்.