பட்டணத்தில் பார்த்த வூடு

யுத்தத்துக்கு முந்திய வருஷம், சென்னைப் பொருட்காட்சிக்கு வா என்று அதை நடத்துகிறவர்கள் கூப்பிட்டதும், வேடிக்கை பார்க்கத்தான் என்று நம்பிப் போனான் சித்தேரி மலைச் செல்லன். "ஒண்ணு விடாம பாத்துட்டு வந்து சொல்லணுங்க" என்று மனைவி சாலம்மாள் வழியனுப்பினாள்.

அங்கே மலைவீட்டைப் போலவே கட்டிய ஒரு புல்குடிசையில் கோவணத்தோடு அவனை உட்காரவைத்தார்கள். ஜனங்கள் சுற்றி நின்று பார்த்தார்கள்.

"என்ன சாதிடா?"

"மலையாளிங்க."

"எங்கே, மலையாளம் பேசு."

மலையில் இருப்பவன் மலையாளி. செல்லனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். "எங்க பேச்சு தமிழுதானுங்க" என்றான்.

"கூலிக்குப் பிடிச்ச வேஷக்காரன்டா" என்று கூட்டம் சிரித்தது. மேற்பார்வையாளர் வந்து, "இனிமேல் வாயைத் திறக்காதே" என்றார். காட்சி முடியும்வரை அவனை வெளியே விடவில்லை.

மலையேறி வந்தவனிடம் சாலம்மாள் ஆசையாகக் கேட்டாள்: "என்னென்ன பாத்தீங்க?"

"நம்ம வூட்டத்தான்."