நீலச் சுடர்

சங்கரன்கோவில் சப்ஸ்டேஷன் குவார்ட்டர்ஸில் நாங்கள் இருந்தோம். அப்பா அங்கே இன்ஜினீயர். வேலிக்கு அந்தப் பக்கம் எங்கள் வீட்டைவிடப் பெரிதாக ஒரு டிரான்ஸ்பார்மர் நின்றது. கோயில் யானைக்கு அடுத்தபடி நான் பயந்து மதித்தது அதைத்தான். யானையாவது தூங்கும், இது இரவு பகலாக உறுமிக்கொண்டே இருக்கும்.

ஆடித்தபசுக்கு முந்தின நாள் காலை எச்சரிக்கை மணி அடித்தது. அப்பா எச்சில் கையோடு ஓடினார். அவர் அதை அணைத்ததும் உறுமல் நின்றது. ஊரே மூச்சை நிறுத்தியதுபோல் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அம்மாவின் தம்பி சைக்கிளில் வந்துவிட்டார். மாமாவுக்கு விசைத்தறி, அந்த வருஷம் தபசுப் பந்தலுக்கு விளக்கு போடும் பொறுப்பும் அவருடையது.

"அத்தான், நாளைக்குத் தபசு. ஊரு பூரா சனம் வந்து எறங்குது. இவ்வளவு நேரமும் நல்லாத்தான ஓடுச்சு? போட்டு விடுங்க."

"வெளிய நல்லாத்தான் தெரியும் மாப்ள. உள்ள வாயு சேந்திருக்கு. வெறும் காத்துன்னா இப்பமே போட்டுருதேன். அந்த வாயு தீப்பிடிச்சா, உள்ள ஏதோ கருகுதுன்னு அர்த்தம். போட மாட்டேன்."

டிரான்ஸ்பார்மரின் எண்ணெய்க் குழாய் நடுவே கண்ணாடி வைத்த சிறு பெட்டி ஒன்று உண்டு. உள்ளே கிளம்பும் வாயு அதில்தான் வந்து தங்கும். அப்பா ஏணியில் ஏறி, அதிலிருந்த வாயுவை கையடக்கமான ஒரு குழாயில் பிடித்து, வேலியோரம் தள்ளி எடுத்து வந்தார். தீக்குச்சியைக் கிழித்துக் குழாயின் வாயில் காட்டினார்.

ஒன்றுமே இல்லாத இடத்தில் நீலமாக ஒரு சுடர் பூத்தது. அப்படியொரு நீலத்தை நான் கண்டதில்லை. என்னைப் பிடித்திருந்த அம்மாவின் கையை உதறிவிட்டுக் கைதட்டினேன். வேறு யாரும் தட்டவில்லை. மாமா சைக்கிளை எடுத்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் போனார்.

தபசு பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் நடந்தது. கூட்டத்தில் அப்பாவைத் திட்டாத வாயில்லை. திருவிழா முடிந்து டிரான்ஸ்பார்மரைத் திறந்தார்கள். உள்ளே கம்பிச் சுருளில் சுற்றியிருந்த காகிதம் கரியாகிக் கிடந்தது. பார்க்க வந்த மாமா, "அன்னைக்குப் போட்டிருந்தா வெடிச்சிருக்குமோ அத்தான்?" என்று மெல்லக் கேட்டார். அப்பா ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

நான் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். "அப்பா, இன்னொருக்க அந்த நீலத்தக் காட்டுங்க."

அந்தச் சுடரை அவர்தான் வரவழைத்தார் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அது வந்துவிடக் கூடாதே என்று அங்கே எல்லோரையும்விட அதிகமாக வேண்டிக்கொண்டு நின்றவர் அவர்தான் என்பது எனக்கு எப்படித் தெரியும்?