பச்சைக் கப்பும் வேன் சாவியும்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறையில் மண் மிதிக்கப் போய், இன்று சொந்தச் சூளை வைத்திருக்கிறேன். வண்டி ஓட்டவும் எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அதனால் என் கடைசி மகளுக்குப் பதினெட்டு முடிந்து எல்.எல்.ஆர். கைக்கு வந்ததும், டிரைவிங் ஸ்கூலுக்கெல்லாம் அனுப்பவில்லை. நானே பழைய வேனில் ஏற்றிவிட்டேன்.

என் பாடம் எந்த ஸ்கூலிலும் கிடைக்காது. சூளைக்குப் போகாத பச்சைக் கப்பு பன்னிரண்டைப் பலகையில் அடுக்கிப் பின் சீட்டில் வைப்பேன். வெறும் காய்ந்த மண். கிளட்சை வெடுக்கென்று விட்டால் கைப்பிடி உதிரும். உடைந்தாலும் நஷ்டமில்லை, தொட்டித் தண்ணீரில் போட்டால் மறுபடி களிமண். முதல் நாள் பன்னிரண்டும் போயின. மூன்றாவது வாரம் ஒன்றுகூட அசையவில்லை. "பிரேக்க மிதிக்காத, தடவு" என்று சொல்லிச் சொல்லியே பழக்கினேன்.

என் மனைவியின் அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. சூளை வாசலில், வேலையாட்கள் எதிரிலேயே கேட்டார்.

"பொட்டப்புள்ள வண்டி ஓட்டி எங்க மாப்ள போவப்போவுது?"

"அவ போவற எடத்துக்கு, மச்சான்."

"எங்க, சேத்தியாத்தோப்பு வரைக்கும் ஓட்டட்டும். ஒரு கப்பு ஒடைஞ்சாலும் சாவிய எங்கிட்ட குடுத்துடணும். பொறவு இந்தப் பேச்சே கூடாது."

"சரி. பலகைக்குப் பக்கத்துலயே ஒக்காந்து எண்ணிக்கிட்டு வாங்க."

மகள் என்னை முறைத்தாள். ஓட்டப்போவது அவள், வாக்குக் கொடுத்தது நான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினோம். சேத்தியாத்தோப்பு நெருங்கும்வரை ஒரு கப்பும் அசையவில்லை. நான் மீசையைத் தடவிக்கொண்டு வந்தேன். அப்போது வயல் பாதையிலிருந்து ஒரு பெரியவர் புல்லுக்கட்டோடு சைக்கிளில், திரும்பிக்கூடப் பார்க்காமல் ரோட்டில் ஏறினார்.

நான் கத்தியது ஒரே வார்த்தை. "கப்பு..."

அவள் பிரேக்கை அழுத்தி மிதித்துவிட்டாள். பெரியவர் பம்பருக்கு ஒரு முழம் தள்ளிக் காலை ஊன்றி நின்றார். "பாத்து வாம்மா" என்று அவளுக்கே புத்தி சொல்லிவிட்டுப் போனார். பின்னால் பலகை கவிழ்ந்து, மச்சான் வேட்டியெல்லாம் மண்.

"எட்டு போச்சு மாப்ள. சாவியக் குடுக்கச் சொல்லுங்க."

மகள் சாவியை உருவி நீட்டினாள். "இந்தாங்க மாமா. அப்பா ஓட்டியிருந்தா கப்பு ஒடைஞ்சிருக்காது."

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் ஓட்டியவன், அந்த நொடியில் ஆளைப் பார்க்கவில்லையே.

"சாவிய உள்ள போட்டு வண்டிய எடு" என்றேன் மகளிடம்.

"வாக்குன்னு ஒண்ணு இருக்குது மாப்ள."

"தவறிட்டேன். போயி ஊரெல்லாம் சொல்லுங்க. இந்த வண்டியில வரப் புடிக்கலன்னா, பஸ்ஸு இருக்குது."

மச்சான் இன்றைக்கும் என்னை வாக்குத் தவறியவன் என்றுதான் சொல்கிறார். சொல்லட்டும். அன்றைக்கு அவர் பஸ்ஸில் போகவில்லை. வேட்டியில் மண்ணோடு, அவள் ஓட்டிய வேனில்தான் வீடு வந்து சேர்ந்தார்.