பொட்டு வைத்த மிஷின்

காற்றில் இருக்கும் தூசை அளப்பது என் வேலை. திருவொற்றியூரில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் கல்லூரி முடித்த கையோடு சேர்ந்தேன். மகள் பிறந்தபோது கொஞ்ச காலம் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பவும் அங்கேயே போனேன். எங்கெங்கோ போய் அளந்திருக்கிறேன். எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அளக்க வேண்டிவரும் என்று நினைத்ததில்லை.

அந்தத் தெருவின் கடல் பக்கத்து முனையில் ஒரு நிலக்கரிக் கிடங்கு இருக்கிறது. துறைமுகத்திலிருந்து லாரியில் வரும் கரியைக் குவித்துவைத்து, சின்னச் சின்ன ஆலைகளுக்கு ஏற்றி அனுப்புவார்கள். அப்போதெல்லாம் குவியல்களை மூடும் வழக்கம் கிடையாது. தெருவின் மறுமுனையில் பால்வாடி. என் மகள் போவது அங்கேதான். மதியம் கடற்காற்று ஆரம்பித்தால் ஆயாம்மா கதவையும் ஜன்னலையும் சாத்திவிடுவார். பிள்ளைகள் உள்ளே புழுங்குவார்கள். மகளுக்கு இருமல் வந்தால் அவள் நெஞ்சில் காதை வைத்துக்கொண்டு படுத்திருப்பேன். சாதாரணச் சளியா, வீசிங்கா, டாக்டரிடம் போனால் பயந்தாங்கொள்ளி என்று நினைப்பாரா, போகாவிட்டால் தப்பாகிவிடுமா என்று மனசு ஓடிக்கொண்டே இருக்கும். துறைமுகத்தில் வேலை செய்யும் என் கணவர், "எல்லாப் புள்ளைக்கும்தான் இருமல் வருது, நீ தூங்கு" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போவார்.

தெருக்காரர்கள் மனு மேல் மனுவாகப் போட்டார்கள். கடைசியில் அதிகாரிகள் கிடங்குக்காரரிடம் ஒன்று சொன்னார்கள். அங்கீகாரம் பெற்ற கூடம் ஒன்றை வைத்து, மழைக்காலம் தொடங்கும் முன் வாரத்துக்கு இரண்டு நாள் தெருவில் தூசை அளக்க வேண்டும். சராசரி, வரம்பைத் தாண்டினால் குவியல்களை மூடவேண்டும், தண்ணீர் தெளிக்கும் குழாய் போடவேண்டும், லாரிக்குத் தார்ப்பாய் கட்டவேண்டும். அந்த வேலைதான் எங்கள் கூடத்துக்கு வந்தது.

என் மேலாளரிடம் போய், "சார், என் பொண்ணு அந்தத் தெரு பால்வாடிக்குத்தான் போறா. வேற யாரையாவது அனுப்புறீங்களா?" என்று கேட்டேன்.

"எழுதிக் குடுத்துடுங்க, ஃபைல்ல இருக்கட்டும்," என்றார் அவர். "நீங்க வெச்சாலும் நான் வெச்சாலும் மிஷின் ஒரே மாதிரிதான் வைக்கணும். அதுக்குத்தானே தரநிலைன்னு ஒண்ணு போட்டு வெச்சிருக்காங்க. எடை போடுறவங்களுக்கு எந்தத் தெருத் தாள்னுகூடத் தெரியப்போறதில்ல. போயிட்டு வாங்க."

எழுதிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்த பிறகு, இன்னும் அழுத்தி மறுத்திருக்க வேண்டுமோ என்று தோன்றியது.

தரநிலை என்று அவர் சொன்னது ஒரு மெல்லிய புத்தகம். தூசு அளக்கும் மிஷினை எங்கே வைப்பது, தரையிலிருந்து எவ்வளவு உயரம், சுவரும் மரமும் எவ்வளவு தள்ளி இருக்கவேண்டும், எவ்வளவு நேரம் காற்றை இழுக்க விடவேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கும். மிஷினுக்குள் ஒரு வெள்ளை ஃபில்டர் தாள். ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு, தாளை எடுத்து, ஈரம் போகும்வரை வைத்திருந்து எடை போடுவோம். முன்பிருந்த எடையைக் கழித்தால் அன்றைய தூசு கிடைக்கும். பக்கத்தில் புகை கூடாது, அடுப்பு கூடாது. அப்படி ஏதாவது நடந்தால் நடந்ததை எழுதி, அந்தத் தாளைக் கணக்கில் சேர்க்காமல் தள்ளிவைக்கவேண்டும். இப்படிச் சொல்லிவைக்கும் புத்தகம் எனக்குப் பிடிக்கும். என் தலையில் எப்போதும் ஓடும் சந்தேகங்களில் பாதியையாவது அது தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறது.

தெருவில் எல்லா வீட்டையும் பார்த்து, பூ கட்டி விற்கும் ஓர் அக்காவின் மொட்டை மாடியைத் தேர்ந்தெடுத்தேன். அவர் கணவர் ஆட்டோ ஓட்டுகிறவர். மிஷினை மேலே ஏற்றிய அன்று அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"காசு கிடங்குக்காரன் குட்கிறான். அளக்கிறது நீ. அப்பால இன்னா வரும்? அவன் சொன்னதுதான் வரும்."

"காசு யார் குடுத்தாங்கன்னு மிஷினுக்குத் தெரியாதுக்கா."

"மிஷினுக்குத் தெரியாது. உனுக்குத் தெரியுமில்ல."

மாடியில் பீடி பிடிக்கக்கூடாது, பக்கத்தில் குப்பை கொளுத்தக்கூடாது, மிஷின் ஓடும்போது பெருக்கக்கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அக்கா என்னைச் சந்தேகப்பட்டாலும் மிஷினைச் சந்தேகப்படவில்லை. அடுத்த வாரத்திலிருந்தே அது அவர் பொறுப்பாகிவிட்டது. பாய் உதற மாடிக்கு வந்த பக்கத்து வீட்டுப் பெண்ணைப் படியிலேயே திருப்பி அனுப்பினார். பீடியோடு ஏறிய கணவரிடம், "அது மூச்சு வுட்டுகினு கீது, கீய போ" என்றார். காகம் உட்கார்ந்தால் துடைப்பத்தைக் காட்டினார். நான் போகும்போதெல்லாம் தாளை எட்டிப் பார்ப்பார். சாம்பல் நிறத்தில் இருக்கும். "த்தூ, இதத்தான் துன்னுகினு கீறோமா" என்பார்.

எல்லாத் தாளும் ஒழுங்காக வந்தன. ஒன்றே ஒன்று பாக்கி. அதற்கான நாள் ஆயுத பூஜையன்று விழுந்தது. கிடங்கு அன்று ஓடியது. காலையில் தாளை வைத்துவிட்டு, எங்கள் கூடத்துப் பூஜைக்குப் போய், சாயங்காலம் பொரியும் சுண்டலுமாகத் திரும்பி வந்து மாடி ஏறினேன்.

மிஷினின் நெற்றி போல இருந்த இடத்தில் சந்தனம் பூசி, பெரிய குங்குமப் பொட்டு வைத்திருந்தார்கள். கழுத்து போல இருந்த இடத்தில் சாமந்தி மாலை. காலடியில் வாழையிலை, பொரி, ஆப்பிள். காற்றை உள்ளே இழுக்கும் வாய்க்கு நேர் கீழே ஒரு தூபக்கால். சாம்பிராணிப் புகை வெளியே எங்கும் அலையாமல் நேராக உள்ளே போய்க்கொண்டிருந்தது. அக்கா கையில் கற்பூரத் தட்டு.

"இன்னா அப்டியே நின்னுட்ட? வா, ஒத்திக்க."

என் கை தானாகப் போய்க் கற்பூரத்தை ஒற்றிக் கண்ணில் வைத்தது. பிறகுதான் வாய் வந்தது.

"அக்கா, புகை கூடாதுன்னு சொன்னேனே."

"பீடி புடிக்காத, குப்ப கொளுத்தாதன்னு சொன்ன. சாமி கும்புடாதன்னா சொன்ன?"

அவர் கணவர் புதுச் சட்டையில் நின்றிருந்தார். "ஆட்டோக்குப் பூஜ போட்டேன் தங்கச்சி, மோட்டாருக்குப் போட்டேன், கிரைண்டருக்குப் போட்டேன். மாடில ஒண்ணு தனியா நின்னுகினு கீது. நம்ம தெருக்காக ராவும் பகலுமா ஒயக்குது. அத்த மட்டும் வுட்டா பாவமில்ல?"

மிஷினை நிறுத்தினேன். தாளைத் திறந்து பார்த்தபோது மஞ்சளும் பழுப்புமாக, வாசனையாக இருந்தது. இந்தத் தாள் செல்லாது என்று சொன்னேன். செய்தி பரவி, நாலைந்து பேர் மாடி ஏறி வந்தார்கள்.

எதிர்வீட்டுக்காரர்தான் கேட்டார். "பொக உள்ள போனா அளவு ஏறுமா, எறங்குமா?"

"ஏறும்ணா."

"ஏறட்டுமே. நம்பளுக்கு அதான வோணும்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அவர்களைவிட அதிகமாகவே வேண்டியிருந்தது. சாம்பிராணி என்று எழுதாமல் விட்டால் எடை போடுகிறவர் எண்ணை மட்டும்தான் பார்ப்பார். தெரு முனையில் பால்வாடியின் சாத்திய கதவு மாடியிலிருந்து தெரிந்தது.

ஆனால் இந்தத் தூசெல்லாம் தெருக்காரர்கள் போடும் புகைதான் என்று கிடங்கு மேலாளர் முதல் நாளிலிருந்தே அதிகாரிகளிடம் சொல்லிவந்தார். அந்தப் பேச்சுக்கு எங்களிடம் இருந்த ஒரே பதில், ஒரு தாளிலும் தெருவின் புகை இல்லை என்பது. இந்த ஒன்றைச் சேர்த்துவிட்டால் நல்ல தாள்களும் சேர்ந்து போய்விடும். இதை நான் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடிப்பதற்குள் அக்காவின் கணவர் தன் போனைக் காட்டினார். மாலையும் பொட்டுமாக மிஷின், பக்கத்தில் கும்பிட்டபடி அவர். பூஜை ஆரம்பித்ததுமே ஸ்டேட்டஸ் வைத்துவிட்டாராம்.

"அத்த மொதல்ல எடுத்துத் தொலை," என்றார் அக்கா.

"எடுக்காதீங்கண்ணா. நான் எப்படியும் நடந்ததை எழுதத்தான் போறேன்."

"இன்னொரு நாள் வெச்சா போச்சு," என்று அக்கா மெல்லச் சொன்னார்.

"அதுக்குள்ள மழை வந்துட்டா கரி அடங்கிடும்க்கா. அந்த அளவு சேராது. ஒரு தாள் குறைஞ்சாலும் மொத்தமும் கோடையில மறுபடி முதல்லேருந்து."

எதிர்வீட்டுக்காரர் படி இறங்கினார். "நான்தான் அன்னிக்கே சொன்னேனே, அவன் பக்கம்தான் பேசும்னு." கீழே போகும்வரை அவர் குரல் கேட்டது.

மேலாளர் சாரிடம் போனில் சொன்னேன், சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார். மறுநாள் விஜயதசமி, கிடங்கு விடுமுறை. வேலை நடக்காத நாளில் அளந்தால் அதுவும் செல்லாது. அதற்கடுத்த நாள் வைக்கச் சொன்னார். கணவரிடம் சொன்னபோது அவர் அடக்கவே இல்லை. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்துவிட்டு, "நீ செஞ்சது சரிதான்" என்றார்.

"நிஜமாவே சரியா?"

"நீ கேக்காத வரைக்கும் சரி."

விஜயதசமியன்று மகளையும் கூட்டிக்கொண்டு போய் மிஷினைச் சுத்தம் செய்தேன். காற்று போகும் குழாயைக் கழற்றித் துடைத்து, இழுக்கும் வேகம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். அக்கா தானே ஈரத்துணியால் சந்தனத்தைத் துடைத்தார். முகம் வாடியிருந்தது.

"காலாண்ட ஒரு பொட்டு இருந்துட்டுப் போவட்டுமே," என்றார்.

புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். பொட்டைப் பற்றி எதுவும் இல்லை. இரும்புக் காலில் சின்னதாக ஒன்றை விட்டுவைத்தோம். என் மகள் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, அதையும் தொட்டுப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் கடல் பக்கம் வானம் கறுத்திருந்தது. மழை வரும் என்று எல்லாச் செய்தியிலும் சொன்னார்கள். தாளை வைத்துவிட்டுப் போக மனமில்லாமல், சாரிடம் கேட்டுக்கொண்டு அங்கேயே இருந்தேன். அன்று அந்தத் தெரு நடந்துகொண்ட விதத்தை இப்போதும் நினைத்துச் சிரிக்கிறேன். அக்காவின் கணவர் ஆட்டோவை மெயின் ரோடு வரை தள்ளிக்கொண்டுபோய் அங்கே ஸ்டார்ட் செய்தார். ஒரு வீட்டில் மிளகாய் வறுக்கப்போய், நாலு பக்கமிருந்தும் திட்டு விழுந்தது. மழைக்கு முன்னால் கொசு மருந்துப் புகை அடிக்க மாநகராட்சி ஆட்கள் தங்கள் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தெரு முனையில் அவர்களை மறித்து நின்றவர் அதே எதிர்வீட்டுக்காரர்.

"எங்க தெருக்கு இன்னிக்கு வோணாம். நாளிக்கு வா நைனா."

"டெங்கு வந்தா?"

"ஒரு நாள்ல வராது. வந்தா எனுக்கே வரட்டும், போ."

இப்படிக் கட்டிக்காப்பதும் ஒரு தவறோ, வழக்கமான நாளாக இல்லாமல் போய்விட்டதோ என்று எனக்கு அடுத்த கவலை வந்தது. சாருக்குப் போன் செய்தேன். "பக்கத்துல புகை இருக்கக்கூடாதுங்கிறதுதான் விதி. இல்லைன்னா நல்லதுதானே. ஒரு டீ குடிங்க" என்றார். கிடங்கில் லாரிகள் வந்தன, போயின. மதியத்துக்கு மேல் காற்று வீசியபோது மாடிச் சுவரில் விரல் வைத்தால் கறுப்பாக வந்தது.

மழை பெய்யவில்லை. அன்றும் இல்லை, அதற்கடுத்த இரண்டு நாளும் இல்லை.

அந்தத் தாளும் சேர்ந்து சராசரி, வரம்பைத் தாண்டியிருந்தது. அறிக்கையை அதிகாரிகள் பரிசீலித்த கூட்டத்தில் கிடங்கு மேலாளர் தன் பழைய வாதத்தோடு வந்தார். அதிகாரியம்மா எங்கள் அறிக்கையைப் புரட்டி, ஆயுத பூஜையன்று சாம்பிராணிப் புகை படிந்த தாள் தள்ளிவைக்கப்பட்டது என்ற வரியைச் சத்தமாக வாசித்தார். "தெருக்காரங்களுக்குச் சாதகமா இருந்த தாளையே எடுத்துட்டாங்க. மத்ததுல என்ன குறை, சொல்லுங்க" என்றார். மேலாளர் கொஞ்ச நேரம் பக்கங்களைப் பார்த்துவிட்டு மூடிவைத்தார்.

தார்ப்பாயும் தெளிப்புக் குழாயும் வந்து சேரப் பொங்கல் தாண்டிவிட்டது. அதன் பிறகு அதே மாடியில், அதே இடத்தில், அதே உயரத்தில் திரும்பவும் அளந்தோம். முன்பு போல வாரத்துக்கு இரண்டு நாள், புகை பக்கத்தில் அண்டாமல். இல்லாவிட்டால் இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை. கணக்கு வந்ததும் நான் நம்பாமல் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அறிக்கை அதிகாரிகளுக்குப் போன பிறகு அக்காவிடம் சொன்னேன்.

"வரம்புக்குள்ள வந்துடுச்சுக்கா. ஆனா கொஞ்சம்தான் உள்ள."

"கொஞ்சம்னா?"

கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் நெருக்கிக் காட்டினேன்.

"அவ்ளோதானா? பார்டர் பாஸா?"

"பாஸ்தான்."

"இன்னும் நல்லா தண்ணி அடிக்கச் சொல்லு அவன. நம்ப புள்ளைங்கோ இன்னா பார்டர்லயா மூச்சு வுடும்?" என்றவர், மடியில் இருந்த மல்லிகையில் ஒரு முழம் கிள்ளி என் தலையில் வைத்துவிட்டார்.

வெளியே வந்தபோது மதியம். கடற்காற்று தொடங்கியிருந்தது. பால்வாடி வராந்தாவில் ஆயாம்மா பாய்களை வரிசையாக விரித்திருந்தார். பிள்ளைகள் தாறுமாறாகக் கிடந்து தூங்கினார்கள். என் மகள் வேறு யாரோ பிள்ளையின் கால்மேல் தலை வைத்து, வாயைத் திறந்தபடி கிடந்தாள். பக்கத்தில் போய் நெஞ்சில் காது வைக்கலாமா என்று ஒரு நிமிடம் நின்றேன். ஆயாம்மா என்னைப் பார்த்துவிட்டு உதட்டில் விரலை வைத்தார். நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் வேலைக்குத் திரும்பினேன்.