வேண்டாம் என்ற எலும்பு

ஷுவோ மேற்கே ஆடு மேய்க்கிற கியாங் கூட்டத்தான். சண்டையில் பிடித்து, தலையை வெட்டிக் குழியில் போடக் கொண்டுவந்த ஆள். மாட்டின் தோள் எலும்பைத் தேய்த்துக் குடைவதில் அவனுக்கு நல்ல கை என்று தெரிந்ததும் என் கொட்டகைக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒன்பது வருஷம் என்னிடம் இருந்தான்.

ராஜாவின் செத்துப்போன முன்னோர்கள் பேசுவது அந்த எலும்பில்தான். பின்பக்கத்துக் குடைவில் கங்கு வைத்தால் முன்பக்கம் விரிசல் ஓடும். மேலே ஓடினால் சரி. கீழே ஓடினால் வேண்டாம். எந்தப் பக்கம் ஆழமாகக் குடைகிறோமோ அந்தப் பக்கம் ஓடும் என்பது எனக்கும் அவனுக்கும் தெரியும். முன்னோர்களுக்கும் தெரிந்திருக்கும், பெரிய மனுஷர்கள், வெளியே சொல்வதில்லை.

அந்த வருஷம் ராஜாவுக்குப் பல்வலி. செத்த தாத்தாவின் கோபம் என்றார் குறிகாரர் ஹுவாய். பலிக்கென்று பட்டியில் பன்னிரண்டு கியாங் ஆட்கள் இருந்தார்கள். புதிதாகப் பிடிபட்ட ஷுவோவின் தம்பியும் அதில் ஒருவன். எலும்பின் மூன்று குடைவையும் ஷுவோ கீழ்ப்பக்கமே ஆழப்படுத்தினான். நான் பார்த்துவிட்டு, கரி எடுக்கப் போய்விட்டேன்.

பத்துப் பேர் தரட்டுமா என்று கேட்டார் ஹுவாய். விரிசல் கீழே ஓடியது. ஷுவோவுக்கு மூச்சு வந்தது.

“பத்து போதாதாம்,” என்றார் ஹுவாய்.

பன்னிரண்டு தரட்டுமா என்றார். அதுவும் கீழே. ஷுவோவுக்கு வாய் அடங்கவில்லை.

“சாமி, மாடு கேட்டுப் பாருங்களேன்.”

கேட்டார். மூன்றாவது குடைவும் அவன் குடைந்ததுதானே, மாடும் வேண்டாம் என்றுவிட்டது.

“ஆளுதான் வேணுமாம். இன்னும் கூட வேணுமாம்.”

அடுத்த எலும்பு நான் குடைந்தது, ஒழுங்காக. பதின்மூன்று தரட்டுமா என்றார். நேராக மேலே ஓடியது. பட்டியில் பன்னிரண்டுதான். எல்லோரும் ஷுவோவைப் பார்த்தார்கள்.

“ஐயா, இவன் போயிட்டா எனக்கு வேலை ஓடாது,” என்றேன்.

“ராஜா தாத்தாவ விட உன் வேலை பெருசாய்யா?”

ஷுவோ எலும்பைத் திருப்பிப் பார்த்தான்.

“நீ குடைஞ்சதாண்ணே?”

“ஆமாடா.”

“நல்லா வந்திருக்கு.”

மறுநாள் அண்ணனும் தம்பியும் ஒரே குழிக்குப் போனார்கள்.

இப்போது என் எலும்பெல்லாம் கண்டபடி வெடிக்கிறது என்று ஹுவாய்க்குக் கோபம். மேற்கே படை கிளம்புகிறது. கைவேலை தெரிந்தவனாக ஒருத்தனைப் பிடித்து வரச் சொல்லியிருக்கிறாராம்.