பேகம் வீட்டுச் சம்பந்திகள்

தண்டையார்பேட்டை ரஹீமுன்னிசாவிடம் பெர்ஷியன் பூனைக்குட்டி வாங்குவது, பெண் கேட்டுப் போவதைவிடக் கஷ்டம். வீட்டில் நாய் உண்டா, பால்கனிக்கு வலை அடித்திருக்கிறீர்களா, ஊருக்குப் போனால் யார் தீனி வைப்பார்கள் என்று துருவித் துருவிக் கேட்பாள். மூன்று மாதம் முடியாமல் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கவும் மாட்டாள். வாங்கிப் போனவர்களைச் சம்பந்தி என்றுதான் சொல்வாள். பேகம் என்கிற வெள்ளைப் பூனை நான்கு வருடத்தில் பதினொரு குட்டி போட்டது. பதினொன்றுக்கும் பதினொரு சம்பந்தி வீடு.

மாப்பிள்ளை வீட்டை இவ்வளவு விசாரித்தவள், பெண் வீட்டில் சீக்கு உண்டா என்று மட்டும் பார்க்கவே இல்லை. அதுதான் வினையாகிவிட்டது.

போன வாரம் பேகம் தண்ணீர் தண்ணீராகக் குடித்துவிட்டு, தீனியைத் தொடாமல் சுருண்டு படுத்துக்கொண்டது. ஸ்கேன் எடுத்த டாக்டர், இரண்டு கிட்னியிலும் நீர்க்கட்டிகள் என்றார். பரம்பரை வியாதியாம். பிறக்கும் குட்டிகளில் பாதிக்கு வரலாமாம். வாங்கியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றவர், "இணை சேர்க்கறதுக்கு முன்னாடியே பார்த்திருக்கலாமே?" என்றும் கேட்டார். அப்படி ஒரு சோதனை இருப்பதே ரஹீமுன்னிசாவுக்குத் தெரியாது. தெரிந்துவைத்திருக்க வேண்டியது தன் பொறுப்பா என்பதும் விளங்கவில்லை.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் கணவன் லியாகத் அலிக்கு இதில் குழப்பமே கிடையாது.

"நாம இன்னா தெரிஞ்சா செஞ்சோம்? நல்லா வெளையாடிகினு கீற பூனைக்குச் சீக்கு கீதுன்னு சொல்லி, ஏன் அவுங்கள பேஜாரு பண்றே?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. சொன்னால் பதினொரு வீட்டில் அழுகை. சொல்லாவிட்டால் இவள் வயிற்றில் நெருப்பு. டாக்டர் சொன்னதும் சரி, புருஷன் சொன்னதும் சரி என்றால் இவள் யார் பேச்சைக் கேட்பது? மூன்று நாளாகக் குழம்புக்கு இரண்டு முறை உப்புப் போட்டாள்.

நாலாம் நாள் மனசைக் கெட்டிப்படுத்திக்கொண்டு, மாத்தூரில் இருக்கும் மெஹ்னாஸுக்கு முதலில் போன் போட்டாள். மூத்த குட்டி ஜாஸ்மின் அந்த வீட்டில்தான் இருந்தது.

"ஆன்ட்டி! நானே உங்களுக்கு பண்ணலாம்னு இருந்தேன். ஜாஸ்மின் குட்டி போட்ருச்சு, அஞ்சு! இப்பவே மூணு பேரு கேட்டுகினு கீறாங்க!"

"மாஷா அல்லாஹ்," என்று பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள் என்று வேறு சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

வைத்த பிறகுதான் உறைத்தது. தூ, நீயெல்லாம் ஒரு மனுஷியா என்று தன்னையே திட்டிக்கொண்டு திரும்பக் கூப்பிட்டாள். ஸ்கேன், கட்டி, பாதிக்குப் பாதி என்று முன்னுக்குப் பின்னாக எல்லாவற்றையும் கொட்டினாள்.

"நான் முன்னாடியே பாத்துருக்கணும்மா. பாக்கல. ஜாஸ்மினுக்கும் எடுத்துப் பாரு."

மெஹ்னாஸ் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

"அவளுக்கு இருந்துச்சுன்னா, இந்த அஞ்சுல எதுக்கு வரும் ஆன்ட்டி?"

"வளந்தாதாம்மா தெரியும்."

"அப்போ கேட்ட மூணு பேரு கைலயும் நான் சொல்லணுமா?"

"சொல்லணும்," என்றாள் ரஹீமுன்னிசா. நாலு நாளாகத் தனக்குப் பிடிபடாத பதில், அடுத்தவளுக்கு என்றதும் ஒரு நொடியில் வந்துவிட்டது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. இன்னும் பத்து வீடு பாக்கி.